தாதியருக்குக் கைபேசிச் செயலி: அந்தப் பத்து நிமிடம் எங்கே இருக்கிறது?

இரவுப்பணி:
நேற்று இணுவிலான் இங்கே எழுதியதை வாசித்தேன். "தாதியர் தினமும் பத்து நிமிடம் கைபேசிச் செயலியைப் போட்டு மூச்சுப் பயிற்சி செய்தால் மன அழுத்தம் இறங்கிவிடும். நேரமில்லை என்பது சாட்டு" என்று எழுதியிருக்கிறார். சாட்டு என்ற அந்தச் சொல்லை நினைத்து எனக்கு இரவு முழுக்க வயிற்றெரிச்சல். பத்தொன்பது வருடமாக வெள்ளை உடுப்புப் போடுகிறேன். நைட் டியூட்டியில் இரண்டு மிஸிமார், நாற்பத்திரண்டு நோயாளிகள். கட்டில் போதாமல் பாயில் படுத்திருப்பவர்கள் வேறு. அந்தப் பத்து நிமிடம் எங்கே இருக்கிறது என்று அவரே வந்து காட்டட்டும்.

இணுவிலான்:
அக்கா, நான் தாதியரைக் குறை சொல்லவில்லை. இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. நாட்பட்ட வலியால் கஷ்டப்பட்டவர்களுக்காக ஜோன் கபாட்-சின் 1979 இல் அமெரிக்காவில் தொடங்கிய 8 வாரத் தியானப் பயிற்சி இருக்கிறதே, இன்றைய செயலிகள் பலவற்றுக்கும் வேர் அதுதான். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு மெதுவாக விட்டால், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வேலை செய்து இதயத் துடிப்பைத் தணிக்கும். போன் கமராவில் விரலை வைத்தால் செயலி துடிப்பை எண்ணியும் காட்டும். வோட்டில்தான் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? டியூட்டி முடிந்து பஸ்ஸில் போகும்போது செய்யலாமே.

இரவுப்பணி:
பஸ்ஸிலா? காலை ஏழரைக்குக் கொடிகாமம் பஸ்ஸில் ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்தபடி, மற்றக் கையில் பையோடு நிற்கிறேன். கமராவில் எந்த விரலை வைப்பது? வீட்டுக்குப் போனால் பிள்ளைக்குச் சாப்பாடு, மாமிக்கு மருந்து. பத்து நிமிடம் எங்கே?

பனங்கூடல்:
ஒரு நிமிடம். மன அழுத்தமும் தொழில்சார் சோர்வும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் இந்தச் சோர்வை நோயாகச் சேர்க்கவில்லை, வேலையோடு வரும் நிலை என்றுதான் சொல்கிறது. அதை அளக்க உளவியலாளர் மஸ்லாக் 1981 இல் வெளியிட்ட 22 கேள்விகள் இருக்கின்றன. மனம் வற்றிப்போவது, நோயாளியைக் கட்டில் நம்பராகப் பார்க்கத் தொடங்குவது, செய்த வேலையில் நிறைவு இல்லாமல் போவது என்று அந்தச் சோர்வுக்கு மூன்று முகம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தீர்மானித்தால்...

இரவுப்பணி:
பெயர் எதுவாகவும் இருக்கட்டும். நான் கேட்டது பத்து நிமிடத்தை.

நல்லூர்த்தம்பி:
அக்கா, நானும் தாதிதான், ஆறு வருடம். போன வருடம் என் கையில் ஒரு குழந்தை போனது. அதற்குப் பிறகு உடுப்பு மாற்றும் அறைக்குள் போனாலே கை நடுங்கும். அந்த நேரம் இந்தச் செயலிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பத்து நிமிடம் இல்லை, படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று நிமிடம். எனக்கு உதவியதைப் பொய் என்று சொல்லாதீர்கள்.

இரவுப்பணி:
தம்பி, உம்மை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று என்று நீர் சொல்கிறீர், பத்து என்று அவர் எழுதினார். பார்த்தீர்தானே.

ரொறன்ரோ மாமா:
1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளிகளோடு டொக்டர்மாரும் மிஸிமாரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அங்கே வேலைக்கு வந்தவர்கள் எந்தச் செயலியைப் பார்த்தார்கள்? அந்தத் தலைமுறையின் மனத்திடம் இப்போது இல்லை.

நல்லூர்த்தம்பி:
மாமா, இறந்தவர்களைக் கொண்டுவந்து எங்களை அடிக்காதீர்கள். அவர்களுக்கு மனத்திடம் இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அழுததை யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

ரொறன்ரோ மாமா:
என் அம்மா அங்கே வேலை செய்தவர். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

இரவுப்பணி:
மாமா, உங்கள் அம்மாவின் கால்தூசிக்கும் நான் காணாது. ஆனால் இன்று வெளிநாடு போன மிஸிமாரின் டியூட்டியையும் சேர்த்துத்தான் நாங்கள் பார்க்கிறோம். கனடாவில் இருந்துகொண்டு மனத்திடம் கேட்காதீர்கள்.

சரி, ஒன்று சொல்கிறேன். இணுவிலான் சொன்ன மாதிரியான ஒரு செயலியை என் மகள் போனில் போட்டுத் தந்தாள். விடியப்புறம் மூன்று மணி. ஒரு ஐயாவின் நரம்பு கிடைக்கவில்லை, மூன்றாம் தடவை ஊசி வைக்கிறேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார். அந்த நேரம் பொக்கெற்றுக்குள் போன் அதிர்கிறது. கைக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், "ஆழமாக மூச்சு விடும் நேரம்." அடுத்த அதிர்வு வட்ஸ்அப் குழுவில்: நாளை ஓ.டி.க்கு, அதுதான் மேலதிக நேர வேலைக்கு, ஒருவர் வேண்டும். மூச்சு விடச் சொல்வதும் அதே போன், லீவைப் பறிப்பதும் அதே போன்.

எனக்கு அமைதி வருவது வேறு இடத்தில். 500 மில்லி சேலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்றால், 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லி ஆகும் குழாயில் நிமிடத்துக்கு 21 துளி. மணிக்கூட்டைப் பிடித்து எண்ணுவேன். இருபத்தொன்று சரியாக விழுந்தால் நெஞ்சு தானாக ஆறும்.

இணுவிலான்:
அக்கா, நீங்களே சொல்லிவிட்டீர்கள்! துளியை எண்ணுவதும் மூச்சை எண்ணுவதும் ஒன்றுதான். செயலி செய்வதும் அதைத்தான்.

இரவுப்பணி:
ஒன்றில்லை. துளியை நான் நோயாளிக்காக எண்ணுகிறேன். எண்ணாவிட்டால் அவருக்குத்தான் ஆபத்து. அதை உங்கள் செயலிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பனங்கூடல்:
வேலைத்தள மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தனி ஆளுக்கான பயிற்சியும் இருக்கிறது, வேலை ஒழுங்கை மாற்றுவதும் இருக்கிறது. இரண்டு பேரும் பாதிப் பாதியைப் பிடித்துக்கொண்டு...

நல்லூர்த்தம்பி:
எனக்கு வேறு ஒரு குறை. அந்தக் குரல் எங்கள் தமிழ் இல்லை. "சுவாசத்தை உள்ளிழுக்கவும்" என்று செய்தி வாசிப்பதுபோல் சொல்கிறது. "மூச்சை மெதுவா இழுங்கோ" என்று ஒரு அக்கா சொன்னால் கேட்கலாம்.

ரொறன்ரோ மாமா:
தமிழிலும் குறையா? இருப்பதைப் பாவியுங்கள்.

நல்லூர்த்தம்பி:
மனம் உடைந்து இருக்கிறவனுக்குப் பேசும் குரல் முக்கியம் மாமா. மனநல உதவி இலக்கமான 1926 க்கு அழைத்தபோது மறுபக்கம் ஒரு மனிதர் தமிழில் பேசினார். அதற்கே பாதிப் பாரம் இறங்கியது.

இணுவிலான்:
நான் சொல்ல வந்ததே வேறு. பத்து நிமிடம் ஒரேயடியாகச் செய்யச் சொல்லவில்லை. மூன்று, மூன்று, நாலு என்று பிரித்துச் செய்யலாம்.

இரவுப்பணி:
நேற்று அப்படி எழுதவில்லை.

இணுவிலான்:
எழுதாவிட்டாலும் கருத்து அதுதான்.

இரவுப்பணி:
கருத்து அதுவென்றால் "சாட்டு" என்ற சொல் எதற்கு? அதை இன்னும் நீங்கள் எடுக்கவில்லை. ஏழு மணிக்கு டியூட்டி, போகிறேன். விடிய வந்து பார்ப்பேன்.

இணுவிலான்:
பாருங்கள் அக்கா. நான் எழுதியதில் பிழை இல்லை, எடுக்கமாட்டேன்.