புதுப்பிப்பு: "படம் வடிவா இருக்கு" என்பதைத் தாண்டி விமர்சனம் வாங்குவது எப்படி?

நான் எடுக்கும் புகைப்படங்களைப் பார்க்கிறவர்கள் "வடிவா இருக்கு" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், உருப்படியான விமர்சனம் கிடைக்க என்ன வழி என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்த யோசனை இதுதான்: "எப்படி இருக்கு?" என்று கேட்காமல், "உங்கள் கண் முதலில் எங்கே போகுது?" என்று கேட்பது. கொழும்பு காலிமுகத்திடலில் இறால் வடை விற்கும் ஐயாவின் படத்தை ஐந்து பேரிடம் காட்டினேன். நான்கு பேர் விரல் வைத்தது வண்டியில் தொங்கிய பல்பில். முகம் கறுத்துப் போயிருந்தது. அங்கே கடல் மேற்கே. பின்னேரம் கடலைப் பார்த்து எடுத்தால் வெயில் ஆளின் முதுகில்தான் விழும். அடுத்த சனிக்கிழமை அவரிடம் கேட்டுவிட்டு, கடல் பக்கமாகப் போய் நின்று எடுத்தேன். முகத்தில் மஞ்சள் வெயில், எண்ணெய் மினுங்கும் விரல்கள், எல்லாமே தெளிவு.

குறைகளை நானே முதலில் சொல்லும் யோசனை சரிவரவில்லை. உடனே ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

எதிர்பாராதது, ஐந்தாவது ஆளான அம்மா சொன்னது: "கடல் ஒரு பக்கமா வடியுதே தம்பி." அடிவானம் சரிந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. இப்போது கேமரா திரையில் கட்டக் கோடுகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.