மறுமொழி: பேட்டரியோடு மாட்டியே வைக்கும் சார்ஜருக்கு என்ன சொல்?

வணக்கம்.

"சொட்டு மின்னேற்றி" என்று முடித்துவிடலாம் என்கிற பக்கம்தான் இந்த இழை சாய்ந்துகொண்டிருக்கிறது. நம் கலைச்சொல் பட்டியலில் ஏறுவதற்கு முன்னால் என் மறுப்பையும் பதிந்துவிடுகிறேன். சொல்லில் குறை இல்லை. சொட்டுநீர்ப் பாசனம் தெரிந்த யாருக்கும் சட்டென்று புரியும். ஆனால் டொராண்டோ நண்பர் பெயர் கேட்டது அந்தக் கருவிக்கு அல்ல. அவர் எழுதியதை மறுபடி பாருங்கள்:

> நவம்பரில் பைக்கை உள்ளே ஏற்றினால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்போம். அதுவரை பேட்டரியோடு மாட்டியே வைக்கிற சின்ன சார்ஜருக்குத் தமிழில் என்ன?

மாட்டியே வைப்பது என்றதும் இரண்டு பொருள்கள் குழம்பிப்போகின்றன. ட்ரிக்கிள் சார்ஜர் பழைய வகை. சிறு மின்னோட்டத்தை ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும்; பேட்டரி நிறைந்ததா என்று பார்க்காது. நிறைந்த பிறகும் தள்ளினால் அந்த மின்சாரம் உள்ளே இருக்கிற தண்ணீரைத்தான் பிரிக்கும். கடைக்காரர்கள் "பேட்டரி கொதிக்குது" என்பார்களே, அது இந்த வாயுக் குமிழிதான். சில மாதம் அப்படியே விட்டால் தண்ணீர் வற்றி ஈயத் தகடு வெளியே தெரியும். மூடியைத் திறக்க முடியாத வகையாக இருந்தால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யவும் வழியில்லை.

மெயின்டெய்னர் என்று விற்பது வேறு. முதலில் 14.4 வோல்ட் வரை ஏற்றி நிரப்பும். அப்புறம் 13.2க்கும் 13.6க்கும் நடுவே இறங்கி நின்றுகொள்ளும். அந்த நிலையில் பேட்டரி தானாக இழந்ததை மட்டும் வாங்கிக்கொள்ளும், அதற்கு மேல் வாங்காது. சில மாதிரிகள் முழுக்க அணைந்துவிட்டு, வோல்ட் குறைந்ததும் மறுபடி விழித்துக்கொள்ளும்.

இந்த இரண்டுக்கும் நாம் ஒரே பெயரை வைத்தால், அதை நம்பிக் கடைக்குப் போகிறவர் விலை குறைந்த முதல் வகையை வாங்கி ஐந்து மாதம் மாட்டிவைப்பார். ஆகவே "சொட்டு மின்னேற்றி" ட்ரிக்கிள் சார்ஜருக்கே இருக்கட்டும். மற்றதற்குத் தனிச்சொல் வேண்டும்.

இதுவரை வந்த முன்மொழிவுகளைப் பார்க்கலாம். "மிதவை மின்னேற்றி" (ஃப்ளோட் சார்ஜர்) டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி அறையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு மிதவை என்றால் தண்ணீரில் மிதப்பதுதான். "கசிவு மின்னேற்றி" வேண்டவே வேண்டாம். கசிவு மின்னோட்டம் என்று ஏற்கெனவே வேறொரு பொருளில் புழங்குகிறது, அதுவும் நாம் தடுக்க நினைக்கிற பொருளில். "மின்கலப்பேணி" எனக்கும் பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்து அண்ணன் "எங்களுக்குப் பேணி என்றால் தகர டப்பா, பால்பேணி" என்று எழுதியதும் அது போயிற்று. கோட்டையூர் ஐயா சொன்ன "காப்பு மின்னேற்றி" கண்ணியமான சொல். ஆனால் எதிலிருந்து காக்கிறது என்று அது சொல்லவில்லை. மின்னல் தாக்காமல் காக்கும் கருவி என்றும் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம்.

பேட்டரிக்கு மின்கலமா, மின்கல அடுக்கா என்ற பழைய வழக்கைத் தயவுசெய்து இங்கே இழுக்க வேண்டாம்.

நான் முன்வைப்பது: ஈடுசெய் மின்னேற்றி.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர் யாராக இருந்தாலும் "ஈடுசெய் விடுப்பு" தெரியும். விடுமுறையன்று வேலை பார்த்தால் அதற்குப் பதிலாக ஒரு நாள். கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. இந்தக் கருவி செய்வதும் அதேதான். வினைத்தொகையாக இருப்பதால் இறந்தகாலம், எதிர்காலம் எல்லாவற்றையும் அதுவே சுமந்துகொள்கிறது. ஐந்து மாதம் விடாமல் வேலை செய்கிற பொருளுக்கு இது பொருத்தம். "ஈடேற்றி" என்று சுருக்கலாமே என்று யாரோ கேட்கப் போகிறீர்கள். சொல்ல எளிதுதான். ஆனால் ஈடேற்றம் என்றால் பலருக்குக் கடைத்தேறுவதுதான் நினைவுக்கு வரும். பேட்டரிக்கு அவ்வளவு பெரிய வாக்குறுதி கொடுக்க வேண்டாம். எங்கள் ஊரில் ஈடு என்றாலே அடமானமும் இட்லியும்தான் என்று வீட்டில் கேலி செய்தார்கள். "செய்" சேர்ந்ததும் அந்தக் குழப்பம் இல்லை.

இந்தச் சொல் செட்டிநாட்டுக்கும் பொருந்துமா என்றுதான் நான் அதிகம் யோசித்தேன். கனடாவில் நிறுத்திவைக்கக் காரணம் பனி. இங்கே காரணம் பூட்டிய வீடு. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வளவுக்குள்ளே துணி போர்த்திய புல்லட் அடுத்த கல்யாணம் வரைக்கும், இல்லை கோயில் திருவிழா வரைக்கும் நிற்கும். அதனால் "குளிர்கால நிறுத்தம்" என்ற சொல்லுக்கும் நான் எதிர். "நெடுநிறுத்தம்" என்றால் இரண்டு ஊருக்கும் ஆகும்.

காரணம் வேறு என்பதால் பேட்டரி கெடும் விதமும் வேறு. குளிரில் தானாக இறங்குவது மெதுவாகத்தான் நடக்கும். அங்கே ஆபத்து உறைவது. சார்ஜ் இறங்கிய பேட்டரியின் அமிலம் கிட்டத்தட்ட தண்ணீராகிவிடுவதால் சுழியத்துக்குக் கீழே ஏழெட்டுப் பாகை செல்சியஸிலேயே உறைந்து பெட்டி விரியும். நிறைந்த பேட்டரி சுழியத்துக்குக் கீழே 50 பாகை போனாலும் உறையாது. நமக்கு வெயில்தான் எதிரி. 25 பாகையில் நல்ல ஈய அமில பேட்டரி மாதத்துக்கு 3 முதல் 5 விழுக்காடு இழக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்துக்கும் அது ஏறத்தாழ இரட்டிக்கும். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகையில் நிற்கிற வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இதோடு திருட்டுக்குப் பயந்து ஜிபிஎஸ் வேறு மாட்டியிருப்பார்கள். அது 10 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட 8 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்தில் காலி.

சாவியைப் போடாமல் சில மணி நேரம் விட்டு மீட்டர் வைத்தால் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் பங்குதான் இருக்கிறது. அதற்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் படியும் ஈய சல்ஃபேட் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் முழுக்கக் கரையாது. காரைக்குடி மெக்கானிக் இதை "பேட்டரி உட்காந்துருச்சுண்ணே, ஸ்லோ சார்ஜ் போட்டுப் பாக்கலாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. வீட்டைப் பூட்டும்போது மெயினை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். மின்சாரமே இல்லாத வீட்டில் ஈடுசெய் மின்னேற்றியை எங்கே சொருகுவது? அப்படிப்பட்ட இடத்தில் நெகடிவ் முனையை முதலில் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் வீட்டில் கொடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்வதே சரி. தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று ஆச்சிமார் பலகை போடச் சொல்வதுண்டு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் தேவையில்லை. ஆனாலும் பலகையைப் போடுங்கள்: ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டால் ஆனது, ஒரு சொட்டு அமிலம் பட்டாலும் பூவேலை அரித்துப்போகும்.

எதிர்க்கேள்வி ஒன்று வரும் என்று தெரியும். வெப்பநிலைக்குத் தக்கபடி வோல்ட்டைக் கூட்டிக் குறைப்பதையும் "வெப்பநிலை ஈடுசெய்தல்" என்றுதானே எழுதுகிறோம்? உண்மைதான், அந்த வசதி இங்கே முக்கியமும்கூட. 25 பாகைக்கு மேலே ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். 25இல் 13.5 என்றால் 35இல் 13.3. குளிர்நாட்டு கராஜை மனதில் வைத்துச் செய்த, இந்த வசதி இல்லாத சார்ஜர் நம் கோடையில் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றிக்கொண்டிருக்கும். எது எதை ஈடுசெய்கிறது என்பது முன்சொல்லில் தெரிந்துவிடுவதால் குழப்பம் வராது என்பது என் கணிப்பு. அப்படியும் இடித்தால் அதை "வெப்பநிலைத் திருத்தம்" என்று மாற்றிக்கொள்ளலாம். "ஈடுசெய் மின்னேற்றி"யை மாற்ற வேண்டாம்.

1953 முதல் மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் இயங்குகிற ஊர் எங்கள் காரைக்குடி. சிக்ரி என்கிற அந்த நிறுவனத்து வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர்கூட பேட்டரியைப் பற்றிப் பேசுவார். இங்கே எழுகிற சொல்லாவது கருவி என்ன செய்கிறதோ அதைச் சரியாகச் சொல்லட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன். பட்டியலுக்கு என் வரைவு:

சொட்டு மின்னேற்றி: பேட்டரியின் நிறைவைப் பார்க்காமல் சிறு மின்னோட்டத்தைத் தொடர்ந்து அனுப்பும் கருவி. நிறைந்ததும் கழற்ற வேண்டும்.

ஈடுசெய் மின்னேற்றி: பேட்டரியை நிரப்பிய பின், நெடுநிறுத்தத்தில் அது தானாக இழக்கும் மின்னேற்றத்தை மட்டும் ஈடுகட்டும் கருவி. மாட்டியே வைக்கலாம்.

லித்தியம் பேட்டரிக்கு அதற்கென்று உள்ள சார்ஜர்தான் வேண்டும் என்ற குறிப்பை இரண்டாவதில் சேர்ப்பதா, தனிப்பதிவாகப் போடுவதா? கோட்டையூர் ஐயா சொல்லட்டும். மற்றவர்கள் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.