நம்ம ஊர்ப் பாட்டைக் கிட்டார்ல வாசிச்சவங்க, மனசுல நிக்கிற ஒண்ணைச் சொல்லுங்க (தர்மபுரி, கிருஷ்ணகிரி)

காரிமங்கலத்தான்:

நானே ஆரம்பிக்கிறேன். ஆயாவோட ஒப்பாரி. ஒரு சாவு வீட்ல அவங்க பாடினதை, அவங்களைக் கேட்டுத்தான் போன்ல பதிவு பண்ணேன். நாலு மாசம் உக்காந்து நைலான் கம்பிக் கிட்டாருக்கு அமைச்சேன். ஆறாவது கம்பியை டி சுரத்துக்கு இறக்கி, கட்டைவிரல்ல சுருதி பிடிச்சு, மேல மெட்டு. இழுத்து அழற இடம் மட்டும் வரவே இல்ல. அந்தச் சுரம் ரெண்டு ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்கால பதிச்ச கம்பிப் பட்டை) நடுவுல எங்கயோ கிடக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வெச்ச நேரம். நடு வீட்ல உக்காந்து வாசிச்சுக் காட்டினேன். ரெண்டாவது அடியிலயே மெட்டு இன்னதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. சந்தோஷப்படுவாங்கன்னு பாத்துக்கிட்டே வாசிக்கிறேன், எழுந்து வந்து கம்பிங்க மேல உள்ளங்கையை வெச்சு அமுக்கிட்டாங்க. "எழவு விழாத வூட்ல இதை வாசிக்கலாமா சாமி?" அவ்வளவுதான் பேசினாங்க. போய் வாசல்ல தண்ணி தெளிச்சாங்க.

வார்த்தை ஒண்ணுகூட இல்ல, வெறும் கம்பி. அதையும் அவங்க ஒப்பாரியாத்தான் கேட்டிருக்காங்க. அன்னையிலேர்ந்து அதை எங்கயும் வாசிக்கல. வாசிக்கலாமான்னும் தெரியல.

ஓசூர்நைலான்:

தம்பி, கண்டிப்பா வாசிக்கணும். ஸ்பெயின்ல கட்டலோனியா பக்கத்துக் கிட்டார்காரர் மிகுயேல் லியோபெட் (1878–1938) தன்னோட கட்டலான் நாட்டுப் பாட்டுகளைக் கிட்டாருக்கு அமைச்சார். அதுல தாலாட்டு மாதிரி ஒண்ணு இருக்கு, சாகக் கிடக்கிற ஒரு பொண்ணோட பாட்டும் இருக்கு. இன்னைக்கும் கிளாசிக்கல் கிட்டார் படிக்கிற பிள்ளைங்க உலகம் பூரா அதை வாசிக்கிறாங்க. அவர் தயங்கி நின்னிருந்தா நம்ம கைக்கு வந்திருக்குமா?

அந்த நடு சுரத்துக்கு வழி இருக்கு. நைலான் கம்பியைக் குறுக்கால இழுக்காதீங்க, ஸ்டீல் மாதிரி ஏறாது. நீளவாக்குல அசைங்க. விரலை அழுத்தினபடியே தலைப்பக்கம் இழுத்தா சுரம் ஒரு மயிரிழை ஏறும், பிரிட்ஜ் (கம்பி கட்டியிருக்கிற அடிக்கட்டை) பக்கம் தள்ளினா இறங்கும். முதல் மூணு ஃப்ரெட்ல இது எடுபடாது, ஏழுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நல்லா வரும். அதனால மெட்டை முதல் கம்பியில வெக்காம மூணாவது கம்பிக்குக் கொண்டுபோய் மேல வாசிங்க. குரல் மாதிரி தடிப்பாவும் இருக்கும். வலது கையை ஓட்டைக்கும் கழுத்துக்கும் நடுவுல வெச்சு, நகத்தைக் குறைச்சு சதையால மீட்டுங்க. சுருதிக் கம்பியை எல்லா அடிக்கும் தட்டாதீங்க. மூச்சு விடுற இடத்துல விட்டுடுங்க.

என் கதை சின்னது. தளி பக்கம் எங்க அவ்வா தெலுங்குல பாடற நடவுப் பாட்டை வாசிச்சுக் காட்டினேன். "இந்த வேகத்துல ராகி நாத்து நட்டா இடுப்பு ஒடிஞ்சுடும்டா"ன்னு சொல்லிட்டு, திண்ணையிலேர்ந்து இறங்கிக் குனிஞ்சாங்க. நாலு நாத்து நடற மாதிரி கையை வெச்சு, ஒரு அடி பின்னால போனாங்க. மறுபடி நாலு, மறுபடி ஒரு அடி. எழுபத்தெட்டு வயசு. நான் மெட்ரோனோம் (டிக் டிக்னு தாளம் காட்டுற கருவி) வெச்சுப் பழகின தாளம் தப்புன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

தென்பெண்ணைக்கரை:

காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளை. ஊர்வலம் முடிஞ்சு பம்பைக்காரங்க டீ குடிக்க உக்காந்திருந்தாங்க. என் நண்பன் கிட்டாரோட பக்கத்துல போய் உக்காந்துட்டான். அஞ்சாவது, ஆறாவது கம்பியை ஒண்ணுமேல ஒண்ணு பின்னி அழுத்தி மீட்டினா முரசு மாதிரி கரகரன்னு ஒரு சத்தம் வரும். ஸ்பெயின் கிட்டார்காரர் தர்ரேகா தன்னோட ஹோட்டா (அந்த ஊர் ஆட்டப் பாட்டு) ஒண்ணுல பட்டாளத்து முரசுக்குச் செஞ்ச வேலை அது. அதை வெச்சு இவன் பம்பை அடியை வாசிச்சான்.

ஒரு பெரியவர் டம்ளரைக் கீழ வெச்சுட்டுக் கேட்டார். "மரப் பம்பை வந்துடுச்சு. வெங்கலம் எங்க?"

இவன்கிட்ட பதில் இல்ல. அவரே குச்சியை எடுத்து வெங்கலப் பம்பையை மட்டும் அடிச்சார், மரத்தோட அடியை இவனுக்கு விட்டுட்டார். பத்து நிமிஷம் இருக்கும். இடுப்புல கட்டின ரெண்டு பம்பையில ஒண்ணைத் தொடாம அடிக்கிறது அவருக்கு எவ்வளவு கஷ்டம்னு கையைப் பாத்தாலே தெரிஞ்சுது, குச்சி தானாவே கீழ போயிட்டுப் போயிட்டு நிக்கும். "வர அமாவாசைக்கு வா கண்ணு"ன்னார். வரோம்னு சொன்னோம். நண்பன் வேலை கிடைச்சு பெங்களூரு போயிட்டான். நான் மட்டும் போறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. போகல.

அரூர்க்காரி:

ஓசூர் அண்ணா, நீங்க சொன்ன கட்டலான் பாட்டையும் முதல்ல யாரோ ஒரு அம்மா பாடியிருப்பாங்க இல்லையா? அமைச்சவர் பேரு நமக்குத் தெரியுது, பாடினவங்க பேரு தெரியல. எனக்கு ஆறாதது அதுதான்.

தர்மபுரியில ஒரு நிகழ்ச்சி. மூணு பசங்க, ரெண்டு கிட்டார், ஒரு உடுக்கை. நல்லா வாசிச்சாங்க, அதுல எனக்குக் குறையே இல்ல. எங்க அம்மாகிட்ட வந்து பதிவு பண்ணிட்டுப் போன தாலாட்டு அது. திரையில "பாரம்பரியப் பாடல்"னு போட்டாங்க. தாலாட்டுல தாய்மாமன் சீரு வரும் இல்லையா, வெள்ளிக் கிண்ணம், தங்கச் சங்கிலின்னு. அந்த இடத்துல எங்க அம்மா அவங்க தம்பி பேரைச் சேர்த்துத்தான் பாடுவாங்க, எங்களைத் தூங்க வெச்சப்பவும் அப்படித்தான். பசங்களுக்கு அது தெரியாது, பாட்டுல இருக்கிற வார்த்தைன்னு நெனச்சு அப்படியே பாடிட்டாங்க. இறந்துபோன எங்க மாமன் பேரு மைக்ல வருது. அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கைதட்டு முடியற வரைக்கும் விடல.

அந்தப் பசங்களைப் பாத்தா நான் சண்டை போட மாட்டேன். அடுத்த தடவை எங்க அம்மா பேரையும் போடுங்கன்னு மட்டும் கேப்பேன்.

பென்னாகரம்88:

அரூர்க்காரி சொன்னதுக்கு மேல என்ன எழுத. என்னுது பாரதக் கூத்துல. பின்பாட்டுக்காரங்களோட உக்கார விட்டாங்க. முகவீணை (நாயனம் மாதிரி ஊதுற சின்னக் குழல்) சுருதி என் கிட்டாரோட சேரவே இல்ல, டியூனர்ல பாத்தா ரெண்டு சுரத்துக்கு நடுவுல நிக்குது. கேப்போ (கழுத்துல மாட்டிச் சுருதி ஏத்துற கிளிப்) போட்டாலும் அரைச் சுரம் அரைச் சுரமாத்தானே ஏறும். கொஞ்சம் ஏத்த முடியுமாங்க ஐயான்னு கேட்டேன். சீவாளியை வாயிலேர்ந்து எடுத்துட்டு, "திருகாணி உன்கிட்டதானே இருக்கு, நீ இறங்கி வா"ன்னார். ஆறு கம்பியையும் காதால இறக்கினேன். விடியற வரைக்கும் அந்தச் சுருதியிலதான் வாசிச்சேன்.

காரிமங்கலத்தான்:

அரூர் அக்கா, உங்களதைப் படிச்சுட்டு ஆயாகிட்ட போய் கேட்டேன், அன்னைக்கு யாருக்கு அழுதீங்கன்னு. செத்தவங்களுக்குன்னுதான் இவ்வளவு நாள் நெனச்சிருந்தேன். "என் தங்கச்சிக்கு"ன்னாங்க. பிரசவத்துல போன தங்கச்சியாம். எந்த சாவு வீட்டுக்குப் போனாலும் அவளுக்குத்தான் அழுவாங்களாம். எங்க வீட்ல யாருக்குமே இது தெரியாது.

ஞாயித்துக்கிழமை ஏரிக்கரையில வெச்சு வாசிக்கச் சொல்லியிருக்காங்க. கூடவே பாடறாங்களாம். ஓசூர் அண்ணா, மூணாவது கம்பிக்கு மாத்திட்டேன், நல்லா வருது. ஆனா ஆயா குரல் இப்ப ரொம்பக் கீழ இறங்கிடுச்சு. ஆறாவது கம்பியை சி வரைக்கும் இறக்கினா அதிருமா?