கண் வைத்தியர் ஏன் சிறுநீரகத்தைப் பார்க்கச் சொன்னார்?

வெள்ளவத்தை மகள்:
என் அப்பாவுக்கு 62 வயது. பல வருடங்களாகப் பிரஷருக்கு லொசார்டன் எடுக்கிறார், நீரிழிவு இல்லை. கண்ணாடி மாற்றப் போன இடத்தில், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்த வைத்தியர், நாடி (இதயத்திலிருந்து குருதி கொண்டுவரும் குழாய்) நாளத்தை (இதயத்துக்குக் குருதியைத் திருப்பும் குழாய்) கடக்கும் இடங்களில் நாளம் நசுங்கினாற்போல் தெரிகிறது என்று கூறி, சிறுநீரகத்தையும் சோதிக்கும்படி கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்குப் பார்வையில் குறையில்லை, கால் வீக்கமும் இல்லை. "கண்ணுக்குப் போனால் கிட்னிக்கு அனுப்புகிறார்கள்" என்று சலித்துக்கொள்கிறார். இரண்டுக்கும் என்ன தொடர்பு?

மருதானை வாசகன்:
வைத்தியர் எழுதியது நியாயமானதே. உடலின் நுண்ணிய நாடிகளைக் கத்தி வைக்காமல் இவ்வளவு தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரைதான். நீண்டகாலம் அழுத்தம் கூடியிருந்தால் அந்த நாடிகளின் சுவர் தடித்து, உள்வழி ஒடுங்கி, கடக்கும் இடத்தில் மெல்லிய நாளத்தை அமுக்குகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குக் குருதி கொண்டுசெல்லும் புன்னாடிகளுக்கும் இதே கதி நேரலாம். ஆனால் சிறுநீரகம் பெரும்பகுதி பழுதாகும்வரை வலியோ வீக்கமோ காட்டுவதில்லை என்பதால், அப்பா நலமாக உணர்வதை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

இம்மாற்றங்களை 1939இல் கீத், வாக்னர், பார்க்கர் ஆகியோர் நான்கு படிகளாக வகுத்தனர். நீங்கள் சொல்வது இரண்டாம் படி. முதலிரண்டு படிகள் முதுமையாலும் தோன்றும். ஒரே கண்ணைப் பார்க்கும் இரு வைத்தியர்கள் வேறுபடவும் கூடும். ஆகவே இது சிறுநீரகம் கெட்டதற்குச் சான்று அன்று, சோதிப்பதற்கான காரணம் மட்டுமே. குருதிக் கசிவு, பஞ்சு போன்ற வெண்திட்டுகள், பார்வை நரம்பின் முனை வீக்கம் ஆகியவை வேறு கதை: அவற்றோடு அழுத்தமும் மிக உயர்ந்திருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தெஹிவளை சுதா:
குருதியில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். சிறுநீரில் அல்புமின் (குருதியிலுள்ள ஒரு புரதம்)–கிரியேட்டினின் விகிதத்தையும் கேளுங்கள்; சாதாரணச் சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் சிறிதளவு அல்புமின் தவறிப்போகும். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வந்தால், காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ இல்லாத வேறொரு நாளில், காலையின் முதற்சிறுநீரில் மீண்டும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் குருதியை வடிகட்டும் வீதம் (அறிக்கையில் eGFR) 60க்குக் கீழேயோ, அல்புமின் விகிதம் 30க்கு மேலேயோ மூன்று மாதங்களுக்கு மேல் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள்.

மருதானை வாசகன்:
இன்னொன்று. லொசார்டன் தொடங்கியபின் கிரியேட்டினின் சற்று ஏறுவதுண்டு. 30 சதவீதம் வரையான ஏற்றத்துக்காக மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. மூட்டுவலிக்குப் பாமசியில் டைக்ளோஃபெனாக் (சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலிநிவாரணி) வாங்கி விழுங்கும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால், என் பார்வையில் முதலில் நிறுத்த வேண்டியது அதுதான்.

வெள்ளவத்தை மகள்:
நன்றி. அந்தக் குளிசைகள் மேசை லாச்சியில் இருக்கின்றன. கிளினிக்குக்குப் போகும்போது அவற்றையும் கொண்டுபோய்க் காட்டுகிறேன். கடந்த வருட அறிக்கையில் கிரியேட்டினின் மட்டுமே உள்ளது, அல்புமினை எவரும் பார்த்திருக்கவில்லை.