ஏர் குவாலிட்டி சென்சார் வீட்ல வச்சவங்க வாங்க, இன்னும் மண்டையைக் குடையற ஒரு சம்பவம் சொல்லுங்க

மொட்டைமாடி_சிக்னல்:
காத்துல இருக்கற ஆவியைப் பாக்கற பிஎம்இ680 சென்சார் போர்டு, அதைப் படிக்க இஎஸ்பி32ங்கற சின்ன கன்ட்ரோலர் போர்டு, ரீடிங்கை மார்க்கா மாத்தற பாஷ் கம்பெனியோட பிஎஸ்இசி லைப்ரரி, ஹோம் அசிஸ்டன்ட் சாஃப்ட்வேர்ல கிராஃப். எல்லாரும் போடற செட்டப்தான். வச்சிருக்கறது சமையலறை ஷெல்ஃப்ல, காபிப்பொடி டப்பா பக்கத்துல. அக்யூரசி 3 (லைப்ரரி முழுசா பழகிட்டேன்னு சொல்ற நிலை) வந்து செட்டிலானதுக்கு அப்புறம் நடந்ததைத்தான் சொல்றேன்.

பகல்ல மிளகா தாளிச்சா ஐஏக்யூ (காத்தோட தரத்துக்கு மார்க், ஏற ஏற மோசம்) 300 தாண்டும், ஜன்னலைத் திறந்தா இறங்கும். அது புரியுது. ஆனா எல்லாரும் படுத்தப்புறம் மெதுவா ஏற ஆரம்பிச்சு விடியக்காலை மூணு மணி வாக்குல உச்சத்துக்குப் போகுது. அடுப்பு அணைச்சிருக்கு, ரெகுலேட்டர் மூடியிருக்கு. அலாரம் வச்சு எழுந்து போய்ப் பாத்தேன். மொபைல் டார்ச் அடிச்சா, மேடையில இருந்த இட்லி மாவு தூக்கு மூடியைத் தள்ளிக்கிட்டுப் பொங்கி, வெளிப்பக்கமா வழிஞ்சு, கிரானைட் மேல வட்டமா தேங்கி நிக்குது. மூடியை எடுத்தேன், புளிச்ச வாடை குப்புனு வந்துது. ஸ்கிரீன் பக்கம் திரும்பறதுக்குள்ள 500. அந்த ஸ்கேல்ல அதுக்கு மேல நம்பரே கிடையாது.

சரி, ஆள் சிக்கிட்டான்னு மாவை ஃப்ரிட்ஜுக்கு மாத்தச் சொன்னேன். "மெஷினுக்காக மாவு புளிக்கக் கூடாதா?"ன்னு அம்மா கேட்டாங்க. மாத்தியும், ராத்திரி பழைய உயரத்துல பாதி வரைக்கும் இன்னமும் ஏறுது. மிச்சப் பாதி எது?

ரிச்சி_தெரு_ரசிகை:
நம்ம பட்ஜெட்டுக்கு எம்கியூ-135ங்கற மலிவு வாயு சென்சார்தாங்க. பொண்ணோட ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு "மாசுக் காற்று எச்சரிக்கைக் கருவி". ஊதுபத்தி காட்டினா பஸ்ஸர் அடிக்கணும், அவ்வளவுதான் கதை. சீஃப் கெஸ்ட் வந்தார். கைல ஊதுபத்தியோட பொண்ணு ரெடியா நிக்கறா. அவர் டேபிள் மேல குனிஞ்சார் பாருங்க, பத்தி கொளுத்தறதுக்கு முன்னாடியே பஸ்ஸர் கத்த ஆரம்பிச்சுடுச்சு. அவ்வளவு சென்ட்! அவர் நிமிர்ந்து ரெண்டடி பின்னாடி போனார், சத்தம் நின்னுது. திரும்பக் குனிஞ்சார், திரும்பக் கத்துச்சு. பொண்ணு என்னைப் பாக்கறா, ஹெச்.எம். கூரையைப் பாக்கறாங்க. பிரைஸ் வரல.

எனக்கு என்ன உறுத்தல்னா, கருவி சரியாத்தானே வேலை செஞ்சுது?

கொங்கு_ஓம்ஸ்:
ரசிகை மேடம், சரியாத்தான் செஞ்சிருக்குதுங்க. சூடான டின் ஆக்சைடு தகடு, அதுமேல ஆல்கஹால் பட்டா ரெசிஸ்டன்ஸ் குறையும். சென்ட்ல முக்கால்வாசி ஆல்கஹால்தானுங்களே.

ஆனா சிக்னல் தம்பி சொல்ற 300, 500 எல்லாம் அப்படியே எடுத்துக்காதீங்க. அது ஒரு வாயுவோட அளவே கிடையாது. அந்த லைப்ரரி கடைசி 4 நாளோ 28 நாளோ (எந்த கான்ஃபிக் போட்டீங்களோ அது) பாத்த காத்தை வச்சு, "இந்த வீட்டுக்கு இது நல்ல காத்து, இது கெட்ட காத்து"ன்னு மார்க் போடுது. உங்க சமையலறை 200உம் எங்க ஹால் 200உம் ஒண்ணில்லை. அதுகூட வர்ற "ஈசிஓ2" நம்பர் இன்னும் மோசம். அந்தத் தகட்டுக்கு கார்பன் டை ஆக்சைடைப் பாக்கவே தெரியாது. மனுஷன் இருந்தா மத்த ஆவியும் ஏறும், அதனால இதுவும் ஏறியிருக்கும்னு ஒரு யூகம், அவ்வளவுதான்.

என் சம்பவம் இதுதானுங்க. பெட்ரூம்ல ஏசி, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, நாங்க ரெண்டு பேரும் குழந்தையும். பிஎம்இ680 பக்கத்துலயே எஸ்சிடி40 வச்சேன். அது நிஜமாவே சிஓ2 அளக்கறது. வெளிக்காத்து 420 சொச்சம் பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்கு). படுக்கும்போது 700 காட்டுச்சு. நடுராத்திரி 1,500 தாண்டிருச்சு, பக்கத்துல இருந்த ஈசிஓ2 600லயே நிக்குது. வீட்டுக்காரம்மாவை எழுப்பிக் காட்டினேன். பாதித் தூக்கத்துல "இப்ப என்ன, மூச்சு விடாம படுக்கணுமா?"ன்னு கேட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. பாத்ரூம் கதவைத் திறந்து வென்டிலேட்டர் வழியா காத்து விட்டதும் நம்பர் இறங்க ஆரம்பிச்சுது. காலையில வழக்கமா வர்ற தலைபாரம் அன்னைக்கு இல்லை. அதை நம்பறதா, நம்பர் பாத்த தெம்பான்னு இன்னும் தெரியலைங்க.

மொட்டைமாடி_சிக்னல்:
அண்ணா, மார்க் போடறதுன்னே வச்சுக்கலாம். மூணு மணிக்கு யார் பரீட்சை எழுதறா, அதான் கேள்வி.

பழைய_வயர்மேன்:
எல்லாரும் விளையாட்டுப் போர்டு கதை பேசறீங்க. நான் பாத்ததைச் சொல்றேன். தெரிஞ்ச பையன், காலேஜ் ப்ராஜெக்ட். எம்கியூ-6 சென்சார், எல்பிஜி லீக்கானா ரிலே (கரன்ட்ல இயங்கற ஸ்விட்ச்) அடிச்சு எக்ஸாஸ்ட் ஃபேன் தானா ஓடும். சிகரெட் லைட்டர் கேஸை சென்சார்கிட்ட ஊதிக் காட்டினான். ரிலே "டக்"னுச்சு, ஃபேன் சுத்துச்சு, எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு அந்த "டக்" கேட்டதும் முதுகு சில்லுனு ஆயிடுச்சு. நிஜ லீக்ல அந்த ரிலே பொறியும் ஃபேன் மோட்டார் பொறியும் போதும்யா, வீடு போயிடும்.

அதனால கேட்டுக்குங்க. எல்பிஜி காத்தைவிட கனம், தரையோட தவழும். சென்சாரைக் கண் உயரத்துல மாட்டி வச்சா கேஸ் கால் மாட்டுக்கு வந்தப்புறமும் அது சும்மா இருக்கும். தரையிலேர்ந்து ஒரு முழத்துக்குள்ள வைங்க. லீக்னு தெரிஞ்சா ஸ்விட்ச் போடாதீங்க, எரியற லைட்டை அணைக்கவும் அணைக்காதீங்க, ஜன்னல் கதவைக் கையால திறங்க, ரெகுலேட்டரை மூடுங்க, வெளியே வந்து கேஸ் லீக் அவசர நம்பர் 1906க்கு போன் பண்ணுங்க. அடுத்தது எம்கியூ-7. கார்பன் மோனாக்சைடு பாக்கும்னு கடைல குடுப்பான். அந்தச் சென்சாருக்கு ஹீட்டர் 60 செகண்ட் 5 வோல்ட், 90 செகண்ட் 1.4 வோல்ட்னு மாறி மாறி ஓடணும், கம்பெனி குடுக்கற விவரத்தாள், அதான் டேட்டாஷீட், அதுலயே இருக்கு. கடையில கிடைக்கற சாதா போர்டுல எப்பவும் 5 வோல்ட்தான் போகுது. அதை நம்பி பாத்ரூம்ல கேஸ் கீசர் போடறவன் இருக்கான். மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும். உசுரு விஷயத்துக்கு எலக்ட்ரோகெமிக்கல் செல் வச்ச, சர்டிஃபிகேட் உள்ள அலாரத்தைக் காசு குடுத்து வாங்குங்க. இன்னொண்ணு, எம்கியூ ஹீட்டர் ஒண்ணே 150 மில்லிஆம்ப் இழுக்கும், அதை இஎஸ்பி32 போர்டோட 3.3 வோல்ட் பின்ல குடுக்காதீங்க. அனலாக் அவுட்புட் 5 வோல்ட் வரை போகும், நடுவுல ரெண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைச்சுக் குடுங்க.

ரிச்சி_தெரு_ரசிகை:
ஐயா, நான் கேட்டது பிரைஸ் ஏன் வரலைன்னு.

கருப்பட்டி_காபி:
பெரியவர் சொல்றது அத்தனையும் சரி. ஆனா சர்டிஃபிகேட் இல்லாததெல்லாம் விளையாட்டுன்னு ஒரேயடியா தள்ளாதீக. சாம்பிராணி போட்டா எவ்வளவு நேரம் புகை தங்குது, எந்த ஜன்னலைத் திறந்தா சீக்கிரம் போகுதுன்னு பாக்க இந்தப் போர்டு தாராளம். நம்பர் பொய்யா இருக்கலாம், ஏத்த இறக்கம் பொய்யில்லை.

நம்ம வீட்டுல சிங்க் ஓரத்துல தண்ணி கசியுதுன்னு பிளம்பர் வந்து சிலிகான் சீலன்ட் போட்டாரு. கன் மாதிரி ஒண்ணை வச்சு வெள்ளையா பிதுக்கி, விரலால வழிச்சுவிட்டுட்டுப் போயிட்டாரு. சென்சாருக்கும் அதுக்கும் ஒரு கை தூரம்தான். அன்னைக்கு கிராஃப் மலை மாதிரி ஏறிச்சு, சரிதான்னு விட்டேன். மறுநாள்லேர்ந்து கடுகு தாளிச்சாலும், மிளகாய் வறுத்தாலும், ஸ்பிரிட் பாட்டிலையே மூக்குப் பக்கம் காட்டினாலும் அசையவே மாட்டேங்கி. சிலிகான் ஆவி டின் ஆக்சைடு மேல படிஞ்சு சாகடிச்சிருமாம், டேட்டாஷீட்லயே எச்சரிக்கை இருக்கு. நாங்க எல்லாரும் இருமிக்கிட்டு கண்ணைத் துடைக்கோம், அது பாட்டுக்கு பச்சை லைட் காட்டுது!

சிக்னல், ஒண்ணு கேக்கேன். கொசு லிக்விட் மெஷின் எங்க சொருகியிருக்கு?

மொட்டைமாடி_சிக்னல்:
ஹால்ல. சமையலறை வாசல் பக்கத்து ப்ளக்.

...ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஆன் பண்றது.

கருப்பட்டி_காபி:
அந்த லிக்விட்ல மருந்து கொஞ்சம், மிச்சமெல்லாம் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான். கதவு சாத்தின வீட்டுல விடிய விடிய ஆவியாகுது.

கொங்கு_ஓம்ஸ்:
இருக்கலாமுங்க. ஆனா காலையில ஜன்னல் திறக்கற வரைக்கும் மெஷின் ஓடும்ல, அப்ப மூணு மணிக்கு ஏன் உச்சம்? மணிக்கு மணி ஏறிட்டேதான போகணும்? ஹியூமிடிட்டி கிராஃபையும் பக்கத்துல போடுங்க. மெஷினைக் கழட்டற அன்னைக்கே மாவையும் வெளிய வச்சுப் பாக்காதீங்க, ஒண்ணொண்ணா மாத்துங்க.

மொட்டைமாடி_சிக்னல்:
இன்னைக்கு மெஷின் ஆஃப். ஹால்ல படுக்கறது அப்பா. அவர்கிட்ட இன்னும் சொல்லல.