குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா? பகிருங்கள்

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

மகனுக்கு ஒன்றேமுக்கால் வயது. காதில் சீழ். டாக்டர் எழுதியது 228.5 டிரை சிரப், 5 மில்லி, காலையும் இரவும். கடையில் அது இல்லை. "இதுவும் அதே மருந்துதான்" என்று இன்னொரு பாட்டிலைக் கொடுத்தார்கள். ஆடிப் பண்டிகைக் கூட்டம், தோளில் குழந்தை அலறல். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கினேன். நுரை அடங்கி மட்டம் இறங்கியது, மறுபடி கோடு வரை ஊற்றினேன். அதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

மூன்றாம் நாள் இரவு. அன்று நான்காவது முறை வயிற்றுப்போக்கு. ஏதோ உறுத்தி, பாட்டிலைப் பட்டறை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். 457 என்று போட்டிருந்தது. முதலில் அதை விலை என்றே நினைத்தேன். அது 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் மருந்து என்று சொல்லும் எண். புரிந்த பிறகுதான் கை நடுங்கியது. ஐந்து வேளை இரட்டிப்பு அளவு கொடுத்திருக்கிறேன்.

டாக்டர் போனிலேயே எடையைக் கேட்டார். பதினொரு கிலோ. "ஆபத்தான அளவு இல்லை, இனி இரண்டரை மில்லி கொடுங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், சோர்ந்து படுத்தால் உடனே தூக்கி வாருங்கள்" என்றார். அந்த மருந்து சரியான அளவிலேயே சில குழந்தைகளுக்கு வயிற்றைக் கலக்குமாம். அப்படியானால் என் பிள்ளைக்குப் போனது அதனாலா, என்னாலா? இன்றுவரை தெரியாது. ஒரு ஜோடிக் கொலுசில் அரை கிராம் குறைந்தால் வியாபாரியோடு மல்லுக்கு நிற்கிறவன் நான்.

மலைக்காரி, ஏற்காடு

அண்ணா, நீங்களாவது எழுதிக் கொடுத்த மருந்தைக் கொடுத்தீர்கள். நான் அலமாரியில் இருந்ததைக் கொடுத்தேன். பெரியவளுக்கு ஒரு மாதம் முன்பு வாங்கி மிச்சமிருந்த அமாக்சிசிலின். காபிப் பழம் பறிக்கும் நேரம். கூலியை விட்டு மலையிறங்க மனமில்லை. மூன்று வயதுச் சின்னவனுக்கு இரண்டு நாள் அதையே ஊற்றினேன். காய்ச்சல் இறங்கவே இல்லை.

ஐந்தாம் நாள் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் அவன் என் மடியிலேயே வாந்தி எடுத்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சட்டையைக் கழற்றி, அக்குள், காதுக்குப் பின்னால் என்று எல்லாம் பார்த்துவிட்டு, இடுப்பில் இருந்த கறுப்பு அரைஞாண் கயிற்றை ஒரு விரலால் தூக்கினார். அதற்கு அடியில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு. "சூடு ஏதாவது பட்டதா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்கு விடை தெரிந்திருந்தது. உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருவது. நான் கொடுத்த மருந்து அதன் கிருமியை ஒன்றும் செய்யாதாம். வேறு ஆன்டிபயாட்டிக் தொடங்கி இரண்டு நாளில் உடம்பு குளிர்ந்துவிட்டது.

காய்ச்சல் என்று குளிப்பாட்டாமல், கயிற்றை ஒதுக்காமல் துடைத்து விட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கயிற்றைக் கட்டியதும் நான்தான்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், அஸ்தம்பட்டி

பட்டறைத் தம்பி, கடைக்காரர் செய்தது தவறு. ஆனால் பாட்டிலைத் திருப்பிப் பார்க்க உங்களுக்கு மூன்று நாளா? என் பேத்திக்கு மருமகள் பால் புட்டியிலேயே மருந்தைக் கலந்துவிட்டாள். பிள்ளை பாதியைக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டது. எவ்வளவு உள்ளே போனது என்று யார் சொல்வது? என் கதை அவ்வளவுதான்.

இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மருந்து வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து. டாக்டரிடம் போகும்போதே எடை தெரிந்திருக்க வேண்டும். சீட்டில் உள்ள எண்ணும் பாட்டிலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்த தேதியைப் பாட்டில் மேல் எழுதுங்கள். பெரும்பாலும் ஏழு நாள்தான் ஆயுள். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னதை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்குங்கள். இல்லாவிட்டால் குழந்தைக்கு முதலில் தண்ணீரும் கடைசியில் வண்டலும் போகும். பிள்ளை கக்கிவிட்டால் நீங்களாக மறுபடி ஊற்றாதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள். மலைக்காரம்மா, மிச்ச மருந்தை எடுத்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஊறுகாய் மாதிரி ஆகிவிட்டது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதே என்று பொருள். யார் பார்க்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் மேல், தொடங்கினால் பாட்டில் தீரும்வரை நிறுத்தவே கூடாது.

மற்றபடி சிரிஞ்சு, மூடி என்றெல்லாம் இப்போது அலட்டுகிறார்கள். எங்கள் காலத்தில் ஒரு தேக்கரண்டி என்றே எழுதினார்கள். தேக்கரண்டி என்றால் 5 மில்லி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரு பிள்ளைத் தாய், கொண்டலாம்பட்டி

ஐயா, "பாட்டில் தீரும்வரை" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் பையனுக்கு ஐந்து நாள் என்று எழுதினார்கள், பாட்டிலில் மிச்சம் இருந்தது, கொட்டிவிடச் சொன்னார்கள். டாக்டர் சொன்ன நாள்தான் கணக்கு, பாட்டில் இல்லை.

நான் எழுத வந்தது மகளைப் பற்றி. வெறும் சளி. முதல் டாக்டர், இது வைரஸ், ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது என்றார். "பிறகு ஃபீஸ் எதற்கு?" என்று கேட்டுவிட்டு வேறு இடம் போய் ஒரு பென்சிலின் வகை மருந்தை எழுதி வாங்கினேன். ஐந்தாம் நாள் மார்பு முழுக்கச் சிவப்புத் தடிப்பு. மாமியார் பார்த்த மாத்திரத்தில் "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். நானும் நம்பி, வேப்பிலைப் படுக்கையில் கிடந்த பிள்ளைக்கு அந்த மருந்தையே இன்னும் இரண்டு வேளை கொடுத்தேன்.

கடைசியில், நான் சண்டை போட்ட முதல் டாக்டரிடமே போனேன். உடனே நிறுத்தச் சொன்னார். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார். இது மருந்து ஒவ்வாமையா, வைரஸால் வந்த தடிப்பா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியாதாம். பிறகு பரிசோதித்துக்கொள்ளலாம், பலருக்கு உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை என்றார். நான் இன்னும் போகவில்லை. பள்ளிப் படிவம் ஒவ்வொன்றிலும் "பென்சிலின் ஆகாது" என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தேவையே இல்லாத மருந்தால் வந்த வரி அது.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

மருந்தாளுநர் ஐயா, நான் பாட்டிலைப் பார்க்காதது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். தேக்கரண்டியை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சற்று முன் வீட்டில் உள்ள கரண்டிகளைப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, வெள்ளி நிறுக்கும் தராசில் வைத்தேன். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். காபிக் கரண்டி 3.4. எவர்சில்வர் தேக்கரண்டி 4.1. கல்யாணச் சீரில் வந்தது 6.2. பாட்டிலோடு வந்த மூடியில் 5 கோடு வரை ஊற்றினால் 5.0.

அம்மா எங்களுக்கெல்லாம் மருந்து ஊற்றிய பழைய வெள்ளிக் கரண்டி ஒன்று இருக்கிறது. 7.8.