பனியை நிறுக்கப் போன இடத்தில்

கனடாவின் யூக்கானில் மூன்று குளிர்காலம் பனி அளக்கும் குழுவுக்கு உதவியாளாகப் போயிருக்கிறேன். மார்ச், ஏப்ரல், மே மாதங்களின் முதல் தேதியை ஒட்டிக் கிளம்புவோம். வேலை என்னவோ எளிதுதான். நுனியில் பல் வைத்த அலுமினியக் குழாயைத் தரைவரை திருகி இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு தூக்கித் தராசில் மாட்ட வேண்டும். வெறுங்குழாயின் எடையைக் கழித்தால், அந்தப் பனி உருகி எத்தனை சென்டிமீட்டர் நீராகும் என்பது தெரிந்துவிடும். நுனியில் கொஞ்சம் மண்ணோ பாசியோ ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் குழாய் தரையைத் தொடவில்லை.

அணைக்கு எவ்வளவு நீர் வரும், ஏரிக்கரை தாங்குமா என்ற கணிப்புக்கெல்லாம் இந்த எண்கள்தான் அடிப்படை. 2021 கோடையில் மார்ஷ் ஏரிப் பக்கம் மணல் மூட்டை அடுக்க ராணுவமே வந்தது. அந்த வருடம் மலையில் அவ்வளவு பனி.

ஓர் ஏப்ரலில், அளக்க வேண்டிய பத்துப் புள்ளிகளில் ஆறை முடித்து நிமிர்ந்தால், ஏழாவதில் மூஸ் என்ற ராட்சத மான் ஒன்று நிற்கிறது! ஆழப்பனியில் நடந்து சலித்து, நாங்கள் மிதித்துப் போட்ட பாதையிலேயே வந்திருக்கிறது. காதுகள் பின்னுக்கு மடங்கின, பிடரி மயிர் சிலிர்த்தது. கரடிக்கென்று கொண்டுபோன மிளகுத் தெளிப்பானோ பையின் அடியில். மரத்தின் பின்னால் நாற்பது நிமிடம் நின்றோம், கால் மரத்துப்போனது. அது நகர்ந்த பிறகு பார்த்தால் ஏழும் எட்டும் உரலில் இடித்ததுபோல் கிடந்தன. மிதிபட்ட பனியை அளந்தால் கணக்கு பொய். சற்றுத் தள்ளி எடுத்துவிட்டு, குறிப்பேட்டில் காரணம் என்ற இடத்தில் 'மூஸ்' என்று எழுதினேன்.

* * *

உங்களுக்கு மூஸ் என்றால், எனக்கு வாய்த்தது கரடி. அலாஸ்காவில், பனித் தலையணை ஒன்றைப் பார்த்துக்கொண்டோம்; தரையில் கிடத்திய, உறையாத் திரவம் நிரப்பிய பை அது. மேலே விழும் பனியின் பாரத்தை அது தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு வசந்தத்தில், வெப்பம் உறைநிலைக்குக் கீழேயே இருக்க, எண் மட்டும் நாளுக்கு நாள் இறங்கியது. உருகாத பனி எங்கே போகும்? போய்ப் பார்த்தால் நகம் பட்ட நான்கு ஓட்டைகள், மென்று துப்பிய கம்பி. திரவம் கசிந்துதான் எண் இறங்கியிருக்கிறது. கரடியை நேரில் பார்க்கவில்லை. பார்க்க ஆசையும் இல்லை.

* * *

நான் இந்தப் பனி அளக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். இதுவரை மிருகம் எதுவும் எதிர்ப்படவில்லை, ஆனால் குழாய்க்குள் பனி ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கிறது. என்ன செய்வீர்கள்?

* * *

வெயிலில் வைத்திருந்தீர்களா? வெதுவெதுப்பான உலோகத்தில் பனி உருகி மறுபடி உறையும். தொடங்குவதற்கு முன் குழாயை நிழலில் பனிமேல் கிடத்தி ஆறவிடுங்கள். தெளிப்பானை இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.